கேலாக் லாக் காட்டியில் யூடிபி சிஸ்லாக் செய்திகளை நேரடியாகப் பெறுவது எப்படி?

தறிநாடா எழுதியது:

வணக்கம். நூற்பாலை ஒன்றின் கூடங்களில் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் 36 இஎஸ்பி32 பலகைகள் (வைஃபை கொண்ட சிறு கணிப்பலகைகள்) என் பராமரிப்பில் உள்ளன. ஈரப்பதம் இறங்கினால் நூல் அறுபடுவது கூடும் என்பதால், எந்தப் பலகை எப்போது என்ன அளவைச் சொன்னது, எப்போது பேச்சை நிறுத்தியது என்பதை அடிக்கடி பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பலகைகள் தம் லாக் செய்திகளை (நடப்பதை வரிவரியாகப் பதியும் குறிப்புகளை) சிஸ்லாக் என்னும் பொது வடிவில், சேர்ந்ததா என்று உறுதி கேட்காத யூடிபி நெறிமுறை வழியாக என் கணினிக்கு அனுப்புகின்றன.

பார்ப்பதற்கு நான் பழகிய கருவி கேலாக். 2016இல் ஜிலாக் என்னும் காட்டியிலிருந்து கிளைத்த இந்தத் திறமூலக் காட்டி, மிகப் பெரிய கோப்பையும் முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றாமல் வட்டிலிருந்தே படிப்பதும், மேற்பகுதியில் முழு லாக்கையும் கீழ்ப்பகுதியில் தேடலில் சிக்கிய வரிகளை மட்டும் காட்டுவதும் என் வேலைக்கு மிகவும் ஒத்துப்போகின்றன. ஒரே குறை, ஒரு போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்ணில்) காத்திருந்து வரும் செய்திகளைப் பெறும் வசதி அதில் இல்லை. மூல நிரல் கையில் இருக்கிறதே என்று நானே அதைச் சேர்க்கத் தொடங்கினேன்.

அப்ஸ்ட்ராக்ட் லாக் டேட்டா என்னும் அடிப்படை வகுப்பிலிருந்து புதிய வகுப்பொன்றை வருவித்து, அதனுள், கேலாக் பயன்படுத்தும் க்யூட்டி நிரல் நூலகத்தின் யூடிபி சாக்கெட்டை (நெட்வொர்க்கிலிருந்து படிக்கும் பகுதியை) வைத்தேன். ரெடி ரீட் சிக்னல் வரும்போதெல்லாம் ஒரு செய்தியைப் படித்து, அதைச் சரமாக மாற்றி, நினைவகத்திலுள்ள ஒரு பட்டியலின் இறுதியில் சேர்க்கிறேன். பட்டியல் 2 லட்சம் வரிகளைத் தாண்டினால் முதல் வரிகளை நீக்கிவிடுகிறேன். மேசைமேல் ஒரு பலகையை வைத்துச் சோதித்தபோது எல்லாம் அழகாக நடந்தது.

ஆலையில் இணைத்தவுடன் நிலைமை மாறியது. தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய வரிகள் நீக்கப்பட்டால், கீழ்ப்பகுதியிலுள்ள வரி எண்கள் மேற்பகுதியோடு ஒத்துவருவதில்லை. நான் குறித்து வைத்த வரி வேறொரு வரியைக் காட்டுகிறது. சில நேரங்களில் செய்தி வருவது ஒரேயடியாக நின்றுவிடுகிறது. நிரலை மூடித் திறந்தால்தான் மீண்டும் வருகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது மின்தடைக்குப் பிறகு நடப்பது. மின்சாரம் திரும்பியவுடன் 36 பலகைகளும் ஒரே நொடியில் எழுந்து, ஒவ்வொன்றும் தொடக்க நிலைச் செய்திகளாக ஏறக்குறைய 60 வரிகளைக் கொட்டுகின்றன. அவற்றில் பாதிகூட எனக்கு வந்து சேர்வதில்லை. எந்தப் பலகை ஏன் எழவில்லை என்பதை அறிவதற்குத்தான் இந்த ஏற்பாடே என்பதால், அந்த நொடியை இழப்பது எனக்குப் பெரிய குறை.

யூடிபியை விட்டு, சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளும் டிசிபிக்கு மாறினால் இது தீருமா, அல்லது என் அமைப்பே தவறா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இந்த வசதியை மூலத் திட்டத்துக்கே அளித்தால் ஏற்பார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.


பழையசர்வர் எழுதியது:

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகத் தோன்றுகிறது. உங்கள் கணினியில் உபுண்டு இருந்தால் ஆர்சிஸ்லாக் என்னும் லாக் சேகரிக்கும் சேவை ஏற்கெனவே அதில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். யூடிபி செய்திகளைப் பெறும் அதன் ஐஎம்யூடிபி மாட்யூலை இயக்கி, ஒரு போர்ட்டைக் கொடுத்து, பலகைகளிலிருந்து வருவனவற்றை நாளுக்கொரு கோப்பில் எழுதச் செய்யுங்கள். கேலாக்கில் அந்தக் கோப்பைத் திறந்து, கோப்பைப் பின்தொடரும் வசதியை இயக்கிவிட்டால், வரிகள் வர வர அவை திரையில் தெரியும். நிரல் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோப்பில் எழுதும் டெம்ப்ளேட்டில், அனுப்பியவர் சொன்ன நேரத்தோடு, ஆர்சிஸ்லாக் செய்தியைப் பெற்ற நேரத்தையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். முன்னது டைம் ரிப்போர்ட்டட், பின்னது டைம் ஜெனரேட்டட். உங்கள் பலகைகள் எழுந்தவுடன் என்டிபி நேரச் சேவையிடம் நேரம் கேட்டுப் பெறும்வரை 1970ஆம் ஆண்டில்தான் இருக்கும். மின்தடைக்குப் பின் வரும் முதல் செய்திகள் எல்லாமே அந்த ஆண்டைச் சேர்ந்தவையாக இருந்தால், அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.


தறிநாடா எழுதியது:

நன்றி. என் கணினிக்கு இது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்றே அமைத்துப் பார்க்கிறேன். ஆனால் இரவுப் பணியில் இருக்கும் மேற்பார்வையாளரின் மடிக்கணினி விண்டோஸ். அவர் ஒரே நிரலைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தி, செய்திகளைப் பார்க்க வேண்டும். பின்னணியில் இன்னொரு சேவையை நிறுவிப் பராமரிக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் அது கைவிடப்பட்டுவிடும். ஆகவே காட்டிக்குள்ளேயே பெறும் வசதி எனக்குத் தேவைப்படுகிறது.


முனையம் எழுதியது:

அப்படியானால் காட்டிக்குள்ளேயே எழுதுவது சரிதான். ஆனாலும் பழையசர்வர் சொன்னதன் உட்பொருளை நீங்கள் விட்டுவிடக் கூடாது. அவர் சொன்னது ஆர்சிஸ்லாக்கைப் பற்றி மட்டுமல்ல. செய்தி முதலில் கோப்பாக மாற வேண்டும், காட்டி அந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெறும் பகுதி அதே நிரலுக்குள் இருந்தாலும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

காரணம், ஜிலாக்கும் அதன் வழிவந்த கேலாக்கும் கோப்பு என்னும் கருத்தின் மீதே கட்டப்பட்டவை. லாக் டேட்டா வகுப்பு கோப்பை ஒரு முறை முழுவதும் ஓடி, ஒவ்வொரு வரியும் எந்த பைட்டில் முடிகிறது என்ற அட்டவணையை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு வரியைக் காட்ட வேண்டும்போதுதான் வட்டிலிருந்து அந்தப் பகுதியைப் படிக்கிறது. லாக் ஃபில்டர்டு டேட்டா தேடலில் சிக்கிய வரிகளின் எண்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. கோப்பு வளரலாம், ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட வரியின் எண் மாறாது என்னும் நம்பிக்கையில்தான் குறியீடுகள், தேடல், இரு பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு எல்லாம் இயங்குகின்றன. நீங்கள் பட்டியலின் தலையிலிருந்து வரிகளை உருவியவுடன் அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. வரி எண்கள் தடுமாறுவதற்கு அதுவே காரணம். அதைப் பூட்டுகள் போட்டுச் சரிசெய்ய முயன்றால் முடிவேயில்லாமல் போகும்.

எனவே நீங்கள் வருவித்த வகுப்பைக் கைவிடுங்கள். பெறும் பகுதியைத் தனியாக எழுதி, அது வரும் செய்திகளை ஒரு தாங்கு கோப்பின் இறுதியில் சேர்த்துக்கொண்டே போகட்டும். 'நெட்வொர்க்கிலிருந்து திற' என்ற மெனுவை அழுத்தினால் பெறும் பகுதி தொடங்க வேண்டும். அதே நொடியில், சாதாரணக் கோப்பைத் திறப்பது போலவே தாங்கு கோப்பும் திறக்கப்பட வேண்டும். அதன்பின் காட்டியின் பழைய நிரலில் நீங்கள் தொட வேண்டியது ஏறக்குறைய எதுவுமில்லை. நிரல் நடுவில் விழுந்தாலும் செய்திகள் வட்டில் இருக்கும் என்பது கூடுதல் நன்மை.

இனி, செய்தி ஒரேயடியாக நிற்பதைப் பற்றி. ரெடி ரீட் சிக்னலுக்கு ஒரு செய்தி வீதம் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; தவறு அங்கேதான் இருக்க வேண்டும். அந்தச் சிக்னல் 'ஒரு செய்தி வந்தது' என்று சொல்வதில்லை, 'படிக்க ஏதோ இருக்கிறது' என்றுதான் சொல்கிறது. சிக்னல் வந்தபோது படிக்காமல் விட்டால் அடுத்த செய்திக்குச் சிக்னல் வராது என்று க்யூட்டியின் ஆவணமே எச்சரிக்கிறது. காத்திருக்கும் செய்தி ஏதும் இல்லை என்று சாக்கெட் சொல்லும்வரை ஒரு சுற்றுக்குள் படித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். செய்தி பிழையானது என்று தெரிந்தாலும், அதைப் படித்து எறிய வேண்டுமே தவிர, படிக்காமல் திரும்பிவிடக் கூடாது.

மின்தடைக்குப் பிந்தைய இழப்புக்கு வருவோம். 36 பலகைகள், தலைக்கு 60 வரிகள் என்றால் 2,160 செய்திகள். ஒரு நொடிக்கு இது கணினிக்குப் பெரிய சுமையே அல்ல. ஆனால் உங்கள் சாக்கெட் திரையை வரையும் அதே த்ரெட்டில் (நிரலின் செயல் இழையில்) இருக்கிறது. அந்த த்ரெட் தேடல் முடிவுகளை வரைந்துகொண்டிருக்கும் கால் நொடியில் சாக்கெட்டை யாரும் படிப்பதில்லை. வரும் செய்திகள் இயங்குதளத்தின் மையமான கர்னலின் பெறு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) குவிகின்றன. அது நிரம்பியதும் மிச்சத்தைக் கர்னல் ஓசையின்றி எறிந்துவிடுகிறது. லினக்ஸில் அந்த பஃபரின் வழக்கமான அளவு 212992 பைட். 100 பைட் செய்திகள் என்றால் 2,000 செய்திகள் கொள்ளுமே என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் கர்னல் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தன் சொந்தக் கணக்கு வைப்புக்கான இடத்தையும் அதே பஃபரில் கழிப்பதால், நடைமுறையில் சில நூறு சிறு செய்திகளிலேயே அது நிரம்பிவிடும். நீங்கள் பார்த்த இழப்பு இதோடு பொருந்துகிறது.

உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. லினக்ஸில் நெட்ஸ்டாட் கட்டளையை யூடிபி புள்ளிவிவரத்துக்கான விருப்பங்களோடு ஓட்டினால் 'பெறு பஃபர் பிழைகள்' என்ற எண் தெரியும். மின்சாரம் வருமுன் ஒரு முறையும் வந்தபின் ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறியிருந்தால் செய்தி உங்கள் கணினி வரை வந்துவிட்டுத்தான் தொலைந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் குற்றவாளி வைஃபையோ ஸ்விட்சோ பலகையோதான். பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் செய்தி தெரிகிறது, நிரலுக்கு மட்டும் வரவில்லை என்றால் ஃபயர்வாலையும் பாருங்கள். டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பொட்டலத்தைப் பார்த்துவிடும் என்பதால் பலரும் இங்கே ஏமாறுகிறார்கள்.

தீர்வு இரண்டு படிகளில் இருக்கிறது. முதலாவதாக, பெறும் பகுதிக்குத் தனி த்ரெட் கொடுங்கள். சாக்கெட்டை முதன்மை த்ரெட்டில் உருவாக்கிவிட்டுப் பிறகு இன்னொரு த்ரெட்டிலிருந்து பயன்படுத்தினால், சாக்கெட் நோட்டிஃபையரை வேறு த்ரெட்டிலிருந்து இயக்க முடியாது என்ற எச்சரிக்கை முனையத்தில் ஓடும். எனவே அந்த த்ரெட் தொடங்கிய பிறகு அதற்குள்ளேயே சாக்கெட்டை உருவாக்குங்கள். அந்த த்ரெட் செய்ய வேண்டியது படிப்பதும் கோப்பில் எழுதுவதும் மட்டுமே. காட்டியோடு அது பேசவே தேவையில்லை. இரண்டாவதாக, பெறு பஃபரைச் சில மெகாபைட்டுக்கு உயர்த்துங்கள். சாக்கெட்டை போர்ட்டோடு பைண்ட் செய்த (இணைத்த) பிறகுதான் இந்த அமைப்பு பலிக்கும். லினக்ஸில் ஆர்மெம் மேக்ஸ் என்னும் கர்னல் உச்சவரம்பை உயர்த்தாமல் 4 மெகாபைட் கேட்டால், பிழை ஏதும் சொல்லாமல் உச்சவரம்பு அளவைத்தான் அது கொடுக்கும். ஆகவே கேட்ட பின் எவ்வளவு கிடைத்தது என்று திரும்பப் படித்துப் பார்த்து, குறைவாக இருந்தால் பயனருக்கு அறிவியுங்கள்.

கோப்பில் எழுதும்போது, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முறை ஃப்ளஷ் செய்தால் (பஃபரில் உள்ளதை உடனே கோப்புக்குத் தள்ளினால்) மெதுவாகும். ஃப்ளஷ் செய்யாமலே விட்டால் கடைசிச் சில வரிகள் நிரலின் பஃபரிலேயே தங்கி, அடுத்த செய்தி வரும்வரை திரைக்கு வராது. காத்திருந்தவை அனைத்தையும் படித்து முடித்த சுற்றின் இறுதியில் ஒரு முறை ஃப்ளஷ் செய்வது நல்ல நடுவழி.

டிசிபிக்கு மாறினால் தீருமா என்று கேட்டீர்கள். பஃபர் நிரம்பினால் அனுப்புபவரை நிறுத்தி வைக்கும் என்பதால் இந்தக் குறிப்பிட்ட இழப்பு டிசிபியில் நேராது. ஆனால் அது பலகையின் தலையில் சுமையை மாற்றுகிறது: உங்கள் மடிக்கணினி உறங்கிப்போனால், 36 பலகைகளும் இணைப்பு கிடைக்காமல் காத்திருக்கும். அப்போது அளப்பதும் நின்றுவிடுமா என்பது, லாக் எழுதும் வேலை அளக்கும் வேலையை நிறுத்திவிடாதபடி பலகையின் ஃபர்ம்வேரை (அதனுள் ஓடும் நிரலை) எழுதியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. என் கருத்தில், இத்தகைய சிறு பலகைகளுக்கு யூடிபியே பொருத்தம். இழப்பு நேர்ந்தால் அது தெரிய வேண்டும், அவ்வளவே. அதற்கு சிஸ்லாக்கின் தர ஆவணமான ஆர்எஃப்சி 5424 வழி செய்திருக்கிறது: மெட்டா என்ற கட்டமைத் தரவுப் பகுதியில் சீக்வென்ஸ் ஐடி என்ற வரிசை எண்ணை அனுப்பலாம். 41க்கு அடுத்து 44 வந்தால் இரண்டு தொலைந்தன என்று தாங்கு கோப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மேற்பார்வையாளருக்கு 'பலகை பேசவில்லை' என்பதும் 'பேசியது, நமக்குக் கேட்கவில்லை' என்பதும் வெவ்வேறு செய்திகள் அல்லவா?

ஆனாலும் பிற்காலத்தில் யாரேனும் டிசிபி கேட்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யூடிபியில் ஒரு பொட்டலம் ஒரு செய்தி; டிசிபியில் பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே உண்டு, செய்தி எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6587 புழக்கத்திலிருந்த இரண்டு முறைகளையும் பதிந்துவைத்திருக்கிறது. ஒன்றில் செய்தியின் நீளம் முன்னால் எண்ணாக வரும். மற்றதில் செய்தியின் முடிவில் புதுவரிக் குறி வரும். முதல் பைட்டைப் பார்த்தே பிரித்துவிடலாம்: இலக்கமாக இருந்தால் நீளம், இடக் கோண அடைப்புக்குறியாக இருந்தால் செய்தியே தொடங்கிவிட்டது. நீளம் என்று சொல்லி ஒன்பது இலக்க எண்ணை அனுப்புபவரை நம்பி அவ்வளவு நினைவகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். உச்ச அளவொன்றை வைத்து, மீறினால் இணைப்பைத் துண்டியுங்கள்.

தமிழில் செய்தி அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. 'ஈரப்பதம்' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 24 பைட். பெறுபவர் கட்டாயம் ஏற்க வேண்டிய அளவாக ஆர்எஃப்சி 5424 சொல்வது 480 பைட் என்பதால், அதற்குள் தலைப்பகுதி போகத் தமிழில் எழுதக் கிடைப்பது 160 குறியீடுகளுக்கும் குறைவு. ஃபர்ம்வேரில் 128 பைட் பஃபரில் செய்தியை வெட்டினால், வெட்டு ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில் விழக்கூடும். அப்போது திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். பெறும் பக்கத்திலும் முழுச் செய்தி கைக்கு வரும்வரை பைட்டுகளாகவே வைத்திருந்து, அதன்பிறகே சரமாக மாற்றுங்கள்.


பூட்டுச்சாவி எழுதியது:

முனையம் சொன்னவற்றோடு பாதுகாப்புப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். இதுவரை கேலாக் நீங்கள் தேர்ந்தெடுத்த கோப்பை மட்டும் படித்தது. போர்ட்டைத் திறந்த நொடியிலிருந்து அது, யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பக்கூடியதைப் படிக்கிறது.

லாக் காட்டிகளின் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அப்பாச்சியின் ஜாவா லாக் நூலகமான லாக்4ஜே 1.2உடன் வந்த செயின்சா என்ற காட்டி, நெட்வொர்க்கிலிருந்து லாக் நிகழ்வுகளை ஜாவா பொருள்களாகவே பெற்று மீட்டமைத்தது. அனுப்புபவர் தீய பொருளொன்றை அனுப்பினால், லாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கணினியில் அவருடைய நிரல் ஓடிவிடும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-23307 என்ற எண்ணில் அந்த ஓட்டை பதிவாகியிருக்கிறது. அதே லாக்4ஜேயின் சாக்கெட் சர்வரிலும் இதே வகைக் குறை சிவிஇ-2019-17571 என்று பதிவானது. பைத்தானின் லாக்கிங் நூலகத்திலுள்ள சாக்கெட் ஹேண்ட்லர் நான்கு பைட் நீளத்துக்குப் பின், பைத்தான் பொருள்களைப் பொதியும் பிக்கிள் வடிவத்தில் தரவை அனுப்புகிறது. நாளை யாராவது 'இதையும் பெறும்படி செய்யுங்கள்' என்று கேட்டால், பிக்கிளை அப்படியே விரிப்பதும் அந்நியர் கொடுத்த நிரலை ஓட்டுவதும் ஒன்றுதான் என்று சொல்லி மறுத்துவிடுங்கள். சிஸ்லாக் வெறும் உரை என்பது அதன் எளிமை மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்பும் அதுவே.

ஆனால் உரையிலும் சூது உண்டு. செய்திக்குள் புதுவரிக் குறி இருந்து, நீங்கள் அதை அப்படியே தாங்கு கோப்பில் எழுதினால், ஒரு செய்தி இரண்டு வரிகளாகும். இரண்டாவது வரி வேறொரு பலகை சொன்னது போலவே தோற்றமளிக்கும்படி யாரும் எழுதிவிட முடியும். தீய எண்ணம் இல்லாதபோதும், பல வரிகள் கொண்ட பிழை விவரங்கள் இதேபோல் சிதறும். கட்டுப்பாட்டுக் குறிகள் அனைத்தையும் மாற்றி எழுதுங்கள். ஆர்சிஸ்லாக் புதுவரியை எண் குறியோடு 012 என்று மாற்றுவது இதற்காகத்தான். ஒரு செய்தி ஒரு வரி என்ற விதியை மீறவே கூடாது. வரியின் தொடக்கத்தில் பெற்ற நேரத்தையும் அனுப்பியவரின் ஐபி முகவரியையும் நீங்களே எழுதுங்கள்; பலகை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயரை அதற்குப் பின்னால் வையுங்கள். யூடிபியில் ஐபி முகவரியையும் பொய்யாக எழுதலாம் என்றாலும், ஆலையின் உள் நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் போதும்.

சிஸ்லாக்கின் வழக்கமான போர்ட் 514ஐப் பயன்படுத்த வேண்டாம். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்கு ரூட் (முழு நிர்வாக) உரிமை தேவை. அதற்காக ஒரு திரை நிரலை ரூட்டாக ஓட்டுவது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். பலகையில் 5514 போன்ற எண்ணைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கேட்கும் முகவரியின் இயல்பு மதிப்பு 127.0.0.1 (அதே கணினி மட்டும்) ஆகவே இருக்கட்டும். வெளியிலிருந்து பெற வேண்டும் என்று பயனர் தெரிந்தே மாற்றட்டும். விண்டோஸில் முதல் முறை ஃபயர்வால் கேட்கும்போது தனியார் நெட்வொர்க்குகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள்.


நூலகர்7 எழுதியது:

மூலத் திட்டத்துக்கு அளிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேலாக் ஜிபிஎல் 3 என்னும் திறமூல உரிமத்தில் வருவது. ஆலைக்குள் நீங்களே பயன்படுத்தும்வரை மாற்றிய நிரலை யாருக்கும் காட்ட வேண்டிய கடமை இல்லை. மாற்றிய நிரலை வெளியாருக்குக் கொடுத்தால் மூலத்தையும் கொடுக்க வேண்டும். ஏற்பார்களா என்பதற்கு, நிரலை அனுப்புமுன் ஒரு கோரிக்கையாக எழுதிக் கேட்பதே வழி. முனையம் சொன்ன அமைப்பில் பழைய வகுப்புகளைத் தொடாமல் புதிய கோப்புகள் இரண்டு மூன்று மட்டும் சேர்கின்றன. பராமரிப்பவர் படித்து முடிக்கக்கூடிய அளவு அது. லாக் டேட்டாவையே திருத்தியிருந்தால், நானாக இருந்தாலும் தயங்குவேன். இன்னொன்று: வசதியைக் கட்டமைக்கும்போதே விலக்கிவிட ஒரு விருப்பம் வையுங்கள், க்யூட்டியின் நெட்வொர்க் மாட்யூலும் போர்ட்டைத் திறக்கும் நிரலும் வேண்டாம் என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.


தறிநாடா எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பழைய நிரலை வைத்தே முனையம் சொன்ன சோதனையைச் செய்தேன். மின்தடைக்காகக் காத்திராமல், 12 பலகைகள் இருக்கும் ஒரு கூடத்தின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். பெறு பஃபர் பிழைகளின் எண் 0இலிருந்து 311க்கு ஏறியது. வைஃபையைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கூடத்துக்கு இன்னொரு அக்சஸ் பாயின்ட் வாங்கக் கேட்டு எழுதிய கடிதம்கூட மேசையில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.

பிறகு நினைவகப் பட்டியலை நீக்கி, தனி த்ரெட்டில் பெற்றுத் தாங்கு கோப்பில் எழுதும்படி மாற்றினேன். புதிதாக எழுதிய நிரல் 400 வரிகளுக்குள் அடங்கிவிட்டது; முன்பு எழுதியதில் பாதி. ஒவ்வொரு வரியும் பெற்ற நேரம், ஐபி முகவரி, தீவிரம், பலகையின் பெயர், செய்தி என்ற வரிசையில் இருக்கிறது. செய்தியின் தலையில் வரும் எண்ணை 8ஆல் வகுத்து, தீவிரத்தைக் குறிக்கும் மீதியைச் சொல்லாக மாற்றி எழுதுகிறேன். 131 வந்தால் ஈவு 16, மீதி 3, ஆகவே 'பிழை'. சொல்லாக எழுதியதால் கேலாக்கின் வண்ணமிடும் விதிகளை மேற்பார்வையாளரே அமைத்துக்கொண்டார். பிழை என்ற சொல் வரும் வரிகள் சிவப்பாகத் தெரிகின்றன.

இருமுறை முழு மின்தடைக்குப் பிறகு பார்த்தேன். வரிசை எண்களில் ஒரு முறை இடைவெளியே இல்லை. மறுமுறை ஒரே பலகையிலிருந்து நான்கு செய்திகள் தொலைந்தன, ஆனால் பெறு பஃபர் பிழைகள் ஏறவில்லை. அந்தப் பலகை மூலையில் இருக்கும் 29ஆம் எண். அதன் ஆன்டெனா இணைப்பு தளர்ந்திருந்ததை மறுநாள் கண்டோம்.

விண்டோஸில் மட்டும் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். செய்திகள் கோப்பில் சேர்கின்றன, ஆனால் திரை நகரவில்லை. கோப்பை நோட்பேடில் திறந்தவுடன் கேலாக்கும் விழித்துக்கொண்டது. எழுதும் நிரல் கோப்பை மூடாமல் திறந்தே வைத்திருந்தால், விண்டோஸ் கோப்பு மாற்ற அறிவிப்பை உடனுக்குடன் தராமல் தாமதப்படுத்துகிறது. கேலாக்கின் அமைப்புகளில் உள்ள பாலிங் வசதியை இயக்கி, அரை நொடிக்கு ஒரு முறை கோப்பைப் பார்க்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. நெட்வொர்க்கிலிருந்து திறக்கும்போது அந்த அமைப்பைத் தானாகவே இயக்கும்படி இப்போது செய்திருக்கிறேன்.

தாங்கு கோப்பை நாளுக்கொன்றாக மாற்றுகிறேன். முதலில் அதே கோப்பைக் காலிசெய்து மீண்டும் எழுதினேன். கோப்பு சுருங்கியதைக் கண்ட காட்டி அட்டவணையை முதலிலிருந்து கட்டியதில் குறித்து வைத்த வரிகள் எல்லாம் போயின. இப்போது நள்ளிரவில் புதிய பெயரில் ஒரு கோப்பு தொடங்கி, புதிய தாவலில் திறக்கிறது. 30 நாளுக்கு மேற்பட்டவை அழிகின்றன. இரவுப் பணி நள்ளிரவைத் தாண்டி நீள்வதால், நாளின் மாற்றத்தைக் காலை 6 மணிக்கு வைக்க முடியுமா என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். அதைச் செய்து முடித்ததும் மூலத் திட்டத்தில் கோரிக்கை எழுதுகிறேன்.


முனையம் எழுதியது:

நாள் மாறும் மணியை அமைப்புகளில் விட்டுவிடுங்கள். 6 என்று நிரலுக்குள் எழுதிவிடாதீர்கள். பணிநேரம் மாறும் ஆலைகளும் உண்டு. கோரிக்கை எழுதும்போது அந்த 311 என்ற எண்ணையும் அதை எப்படி அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தனி த்ரெட் ஏன் தேவைப்பட்டது என்று பராமரிப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அதுவே விடை.